அளவுக்கு மேல் ஒரு கை

தை பிறந்து பத்து நாளில் உத்திரமேரூர் ஏரி பின்வாங்கத் தொடங்கிவிடும். தண்ணீர் தினமும் ஓரிரு முழம் உள்ளே நகர, அது விட்டுப்போன ஈரத்தில் கோரையும் புல்லும் முண்டியடித்துக்கொண்டு கிளம்பும். மாடுகளுக்கு அது திருவிழா. 1982-இல் அந்தத் திருவிழாவுக்கு மாடுகளோடு ஆறு பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள்.

மூன்று பேர் சென்னையில் படித்தவர்கள், மூன்று பேர் ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள். எல்லாரும் படிப்பை முடித்த கையோடு ஆராய்ச்சி பழக வந்த இளசுகள். ஓர் ஏரிக்குள் எவ்வளவு விளைகிறது, அதை யார் தின்கிறார்கள், மிச்சம் எங்கே போகிறது என்று இரண்டு நாடும் சேர்ந்து பத்து வாரம் அளந்து பார்ப்பதாக ஏற்பாடு. முடிவில், இங்கத்திய மூவரில் ஒருவருக்கு ஸ்வீடனில் ஏரிக்கரை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இரண்டு வருஷப் பயிற்சி. ஒரே ஓர் இடம்.

அந்த இடம் தனக்குத்தான் என்று இங்கத்திய மூவரில் ஒருத்தியான பாஞ்சாலி ஒன்பதாவது வாரம் வரை நம்பியிருந்தாள். வெளியே சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததால் அந்த நம்பிக்கை உள்ளுக்குள் நன்றாகக் கொழுத்துப்போயிருந்தது.

அவளுக்குச் சொந்த ஊர் மானாம்பதி. உத்திரமேரூருக்கு பஸ் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்துவிடலாம். அப்பா சின்னராசுவுக்கு நாலு ஏக்கர் நஞ்சை. மகள் எம்.எஸ்ஸி. முடித்து, அதே ஏரியில் அரிவாளும் கையுமாக நிற்பதை ஒருநாள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். "புல்லு அறுக்கத்தான் போறன்னு மொதல்லயே சொல்லியிருந்தா அஞ்சாங் கிளாஸோட நிறுத்தியிருப்பனே, தாயி!"

"இது வேற புல்லு, நைனா," என்றாள் பாஞ்சாலி.

"மாட்டுக்குத் தெரியுமா அது?"

வேலை, பார்வைக்குச் சுலபமாகத்தான் தெரியும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம். அதைப் புல்லின்மேல் போட வேண்டும். சட்டத்துக்குள் இருப்பதை மட்டும் தரையோடு தரையாக அறுத்துப் பையில் அடைக்க வேண்டும். வாரத்துக்குப் பன்னிரண்டு சட்டம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த மாடி வீட்டில், சூடேற்றும் பெட்டிக்குள் ஈரம் போகக் காயவைத்து எடை பார்த்தால், அந்தச் சதுரம் எவ்வளவு விளைந்தது என்று தெரிந்துவிடும்.

அறுப்பதற்கு ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து அம்முலு வந்தாள். கூடவே அவள் நாத்தனார் செல்லாயி. அம்முலுவுக்கு முப்பது வயதிருக்கும். முதல் நாளே அவள் அந்தச் சட்டத்துக்கு ஜன்னல் என்று பெயர் வைத்துவிட்டாள். "வூடு இல்லாத ஜன்னலு! எங்க வெக்கறது இன்னிக்கி, பாஞ்சாலிம்மா?" இரண்டாவது வாரத்திலேயே ஸ்வீடன்காரர்களும் அதை ஜன்னல் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

பாஞ்சாலி முதலில் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். மானாம்பதி வீட்டில் அதுதான் பழக்கம். "அவள் உன்னைவிடப் பெரியவள் இல்லையா?" என்று கரின் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள். கரின் ஸ்வீடனிலிருந்து வந்த மூவரில் ஒருத்தி. மூக்கு எப்போதும் வெயிலில் சிவந்து உரிந்துகொண்டிருக்கும். மறுநாளிலிருந்து பாஞ்சாலி 'அக்கா' போடத் தொடங்கினாள். அம்முலு அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து கேலி இரண்டு மடங்காயிற்று.

எட்டாவது வாரம் முடிந்தபோது, இதே மாதிரி அளக்கப்பட்ட ஆறு நாட்டு ஏரிகளின் பட்டியல் தபாலில் வந்தது. ஒரு சதுர மீட்டருக்கு விளைச்சலில் உத்திரமேரூர் ஏரிதான் முதலிடம். திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்திய டாக்டர் தாண்டவராயன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்க மனம் வராமல், கையிலேயே வைத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். "நம்ம பாஞ்சாலியோட எண்கள்!" என்று டீக்கடைக்காரரிடம்கூடச் சொன்னார்.

அம்முலுவிடம் சொன்னபோது, "பின்ன? நம்ம ஏரி லேசுப்பட்டதா?" என்றாள். முகம் அப்படியே பூத்துப்போயிற்று.

சிக்கல் ஒன்பதாவது வாரம் வந்தது. ஒருவர் அறுத்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்த விதி. பாஞ்சாலியின் இடங்களை ஒட்டியே கரின் தனியாகப் பத்து சட்டம் அறுத்தாள். பத்தும் குறைந்தன.

"தரையோட அறுக்கலம்மா நீ," என்றார் தாண்டவராயன். "அடிக்கட்டையை விட்டுட்டு வந்திருக்க. எடை குறையாம என்ன செய்யும்?"

கரின் நோட்டை வாங்கித் தன் எண்களைப் பார்த்தாள். காது சிவந்தது. மறுநாள் காலை அம்முலு அவளுக்கு அரிவாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். "கரினு, அருவாள வீணை மாரி புடிக்காத. அடியில வெச்சி இஸ்த்துக்கினு வா. அய்யய்ய! வெரலு, வெரலு! செல்லாயி, இந்தப் பொண்ணு வெரல நம்ம மூட்டையில கட்டி அனுப்பிடப் போறோம்!"

கரின் குனிந்து குனிந்து மண்ணையே மழித்துவிட்டாள். மறுபடி பத்து சட்டம். மறுபடி பத்தும் குறைந்தன.

"என் கைதான் சரியில்லை போலிருக்கிறது," என்று அவள் ஆங்கிலத்தில் பாஞ்சாலியிடம் சொன்னாள். "என்னுடையதை எல்லாம் நீக்கிவிடு. நீ நாலு நாளில் பேராசிரியர் முன்னால் பேசப் போகிறாய். என் பிழை உன் வேலையைக் கெடுக்க வேண்டாம்."

பேராசிரியர் லிண்ட்பெரி ஸ்வீடனிலிருந்து வருவதாக இருந்தது. அவர் முன்னால் இங்கத்திய மூவரும் பேச வேண்டும். அன்றைக்கே முடிவு.

பாஞ்சாலிக்கு நிம்மதியாக இருந்தது. நீக்கிவிட்டால் முடிந்தது. பென்சிலை எடுத்துக் கரினின் எண்கள்மேல் கோடு போடப் போனவள், சும்மா ஒரு தடவை கழித்துப் பார்த்தாள். அடர்ந்த இடத்தில் சராசரியாக இருபத்தைந்து கிராம் குறைவு. நடுத்தரமான இடத்தில் இருபத்தாறு. புல்லே சரியாக முளைக்காத, சொட்டைத் தலை மாதிரி இருந்த இடத்திலும் இருபத்துநாலு.

அடிக்கட்டையை விட்டிருந்தால், புல் அதிகம் உள்ள இடத்தில் அதிகமாகவும் கொஞ்சம் உள்ள இடத்தில் கொஞ்சமாகவும் அல்லவா குறைய வேண்டும்? எல்லா இடத்திலும் ஒரே அளவாக எப்படிக் குறையும்?

அவள் அந்தக் கணக்கை யாரிடமும் காட்டவில்லை. நோட்டை மூடிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஏரிக்குப் போய், வேலை செய்வதுபோல் பாசாங்கு செய்துகொண்டு பார்த்தாள்.

அம்முலு சட்டத்துக்குள் இருந்ததைச் சுத்தமாக அறுத்தாள். பையில் அடைத்தாள். வாயைக் கட்டுவதற்கு முன்னால், செல்லாயியிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, இடது கையை நீட்டி, சட்டத்துக்கு வெளியே இருந்த புல்லில் ஒரு கைப்பிடி கொத்தாகப் பிடித்து அறுத்து, உள்ளே போட்டுக் கட்டினாள்.

பாஞ்சாலி திடுக்கிட்டாள். அம்முலு செய்ததற்காக அல்ல. அதை இப்போதுதான் முதல்முறை பார்த்ததற்காகவும் அல்ல. ஒன்பது வாரமாகத் தினமும் பார்த்திருக்கிறாள்! ஒவ்வொரு பைக்கும் பார்த்திருக்கிறாள். கண்ணுக்கு முன்னால் நடந்தது, கண் அதைத் தூசி மாதிரி விட்டுவிட்டது. அம்மா பக்கத்து வீட்டுக்குப் படியில் அரிசி அளந்து கொடுத்தால் கடைசியில் ஒரு கை அள்ளிப் போடுவாள். காய்கறிக்காரி கொசுறு போடுவாள். அது அளவில் சேர்ந்ததே இல்லை. மூச்சு விடுகிற மாதிரி ஒரு காரியம், அதை யார் எழுதிவைப்பார்கள்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நாலாவது வாரம் அம்முலு காய்ச்சலில் படுத்துவிட, பாஞ்சாலியே ஒரு நாள் அறுத்தாள். அன்றைய எடைகளும் மற்ற நாள்களைப் போலத்தான் இருந்தன. அப்படியென்றால் தன் இடது கையும்தான் போயிருக்கிறது. படித்த கை, முதல் வகுப்பில் தேறிய கை.

"அம்முலக்கா," என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "அந்தக் கடைசிக் கைப்பிடி எதுக்கு?"

"எந்தக் கைப்பிடி?"

"இப்ப வெளியில இருந்து அறுத்துப் போட்டீங்களே."

அம்முலு தன் கையையே திருப்பிப் பார்த்தாள். பிறகு முகம் மாறிற்று. "இன்னா, திருடிக்கினு போறவள கேக்கறாப்ல கேக்கற? எடுத்தனா நானு? போட்டேன்!"

"ஜன்னலுக்குள்ள இருக்கறத மட்டுந்தானே சொன்னேன்."

"சொன்ன. அதுக்குன்னு படி வாயோட வழிச்சி, தலதட்டியா குடுப்பாங்க? அத்தினி தூரத்துலேர்ந்து வந்து கேக்கறாங்க. ஒரு கை கூட வெக்கலன்னா நம்ம ஊருக்கு இன்னா மானம்?"

செல்லாயி புல்லைப் பார்த்துக்கொண்டே, "உங்க நைனா களத்துல எங்களுக்குக் கூலி நெல்லு தலதட்டித்தான் அளந்தாங்க. அது எப்படி கீதுன்னு தெரியும். அதான் நாங்க யாருக்கும் அப்படி அளக்கறதில்ல," என்றாள். குத்திக்காட்டும் குரல் இல்லை. மாடு வந்தது, போனது என்று சொல்கிற குரல்.

பாஞ்சாலி அரிவாளைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று என்று தன் வீட்டில் இரண்டு அளவு இருந்ததும் அவள் பார்த்தும் பார்க்காததுதான்.

கரையேறி மதகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நூற்றுச் சொச்சம் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கை. முதலிடம் என்ற காகிதம். ஸ்வீடன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கரினே தன் எண்களை நீக்கச் சொல்லிவிட்டாள். அவள் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவாள், அரிவாள் பிடிக்கத் தெரியாத பெண் என்ற பெயரோடு.

எதை அளக்கப் பழகினேன் நான்? ஏரியையா, அம்முலுவின் தாராளத்தையா? அந்தக் கேள்வி வந்ததும் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறைப்பது கஷ்டமாகிவிட்டது. எழுந்து மாடி வீட்டுக்கு நடந்தாள்.

தாண்டவராயன் கேட்டுவிட்டு நாற்காலியில் அப்படியே சரிந்தார். "ஒன்பது வாரம்! ஏம்மா, ஒன்பது வாரம் நீ பக்கத்துல நின்னுதானே இருந்த?"

"நின்னுதான் சார் இருந்தேன்."

"வயல் வேலைன்னா கொஞ்சம் பிழை இருக்கத்தான் செய்யும். எல்லா நாட்டிலயும் இருக்கும்."

"கரின் மேல பிழைன்னு எழுதிவெச்சிருக்கோம், சார். அது பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "சரி. நாலு நாள் இருக்கு. அழறதுக்கு நேரம் இல்லை. அந்த ஒரு கை எவ்வளவு எடைன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும் என்றுதான் பாஞ்சாலி நினைத்தாள். மறுநாள் அம்முலுவிடம் விஷயத்தை விளக்கி, கடைசிக் கைப்பிடியைத் தனிப்பையில் போடச் சொன்னாள். அம்முலு போட்டாள். ஒரு கட்டுப் புல்! எடை பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தக் கைக்குக் கவுரவம் வந்துவிட்டது. பத்து விரலையும் விரித்து அள்ளினாள். செல்லாயியோ பயந்துபோய் நாலு தாள் கிள்ளிப் போட்டாள்.

"இப்படி இல்லக்கா. எப்பவும் போடற மாதிரி."

"எப்பவும் எப்படிப் போடறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்தனா?" அம்முலு இடுப்பில் கைவைத்து யோசித்தாள். "கை தானா போவணும்னா நெனப்பு வேற எடத்துல இருக்கணும். பேச்சுக் குடு."

"என்ன பேச?"

"நீ பேசினா ஆவாது. உன் பேச்சுல தூக்கந்தான் வரும். செல்லாயி, காதுகுத்துல எங்கண்ணனுக்கு மொதப் பந்தியில எல போட்டியா நீ?"

செல்லாயியின் தலை விருட்டென்று நிமிர்ந்தது. "உங்கண்ணன் வந்ததே மூணாம் பந்திக்கு! வந்ததும் வராததுமா நல்லியெலும்பு எங்கன்னு கேட்டாரு."

"கேப்பாரு! தாய்மாமன் மொற செஞ்சவரு கேக்காம, தெருவுல போறவனா கேப்பான்?"

"மொற? ஒத்த வேட்டி! அதுவும் சாயம் போனது!"

சண்டை சூடு பிடித்தது. அரிவாள்களும் சூடு பிடித்தன. சட்டம் மாற மாற இரண்டு பேரும் அறுத்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு தடவையும் இடது கை தானாக நீண்டு, ஒரு கைப்பிடி அறுத்து, நீட்டிய பையில் போட்டது. தடவைக்கொரு தனிப்பையை நீட்டியபடி குனிந்து ஓடிக்கொண்டிருந்தவன் முனிரத்தினம். அவனும் இங்கத்திய மூவரில் ஒருவன், ஏரித் தண்ணீரைக் குப்பியில் பிடித்து ஆராய்கிறவன். சென்னை மைலாப்பூர்க்காரன். இரண்டு பெண்களின் வசவுக்கு நடுவில் அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கரின் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டாள். அவளுக்குப் பாதி புரிந்தது, புரிந்த பாதிக்கே சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

முப்பது முப்பது கைப்பிடி. பெட்டியில் காயவைத்து எடை பார்த்தார்கள். அம்முலுவின் கை இருபத்தெட்டு கிராம், செல்லாயியின் கை இருபத்திரண்டு. முப்பது தடவையிலும் ஓரிரு கிராம்தான் ஏற்ற இறக்கம். தாண்டவராயன் தராசையே இரண்டு முறை சோதித்தார். "என்னடா இது, நம்ம மாணவர்கள் அளந்தாக்கூட இவ்வளவு சீரா வராதே!"

நாத்தனாரும் அண்ணியும் மட்டும் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது நிஜமாகிவிட்டது.

பேராசிரியர் லிண்ட்பெரி வந்தார். பனைமரம் மாதிரி உயரம், சாந்தமான முகம். மாடி வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பாஞ்சாலி எழுந்து முதலில் பிழையைச் சொன்னாள். யார் செய்தார்கள் என்பதோடு, தானும் செய்ததைச் சொன்னாள். கரினின் எண்கள்தான் சரி என்றாள். பிறகு ஒவ்வொரு வாரத்திலிருந்தும் கைப்பிடியைக் கழித்த எண்களைக் காட்டினாள். உத்திரமேரூர் முதலிடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு இறங்கியிருந்தது. பேசி முடித்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். நெஞ்சு விசித்திரமாக லேசாகியிருந்தது. கரின் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "நன்றி" என்று தமிழில் சொன்னாள்.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்ததும் முடிவு சொன்னார்கள். முனிரத்தினம். அவனுடைய தண்ணீர்க் கணக்கில் பழுது இல்லை. பாஞ்சாலியின் கழித்தல் நம்பகமானதுதான், ஆனாலும் இன்னொரு பருவம் அறுத்துச் சரிபார்க்காமல் அதை ஏற்க விதியில்லை.

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தது ஏமாற்றத்தைக் குறைக்கவில்லை. முனிரத்தினம் குற்றவாளி மாதிரி வந்து நின்றான். "எனக்குக் குளிரே ஆகாது, பாஞ்சாலி. மார்கழியிலேயே மப்ளர் கட்டறவன் நான்." அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கோபப்படக்கூட முடியவில்லை. "ரெண்டு மப்ளர் கட்டிக்கோ," என்றாள்.

ஏரிக்கரையில் ஜீப் புறப்படத் தயாராக நின்றது. லிண்ட்பெரி கடைசியாக ஒரு தடவை ஏரியைப் பார்க்க விரும்பியிருந்தார். அம்முலு வேகமாக வந்து பாஞ்சாலியின் கையைப் பிடித்தாள்.

"யாரு போறது?"

"முனிரத்தினம்."

"என்னாலயா?"

"நானுந்தான் போட்டேன், அக்கா."

அம்முலு அவள் கையை விட்டாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நேராகப் பேராசிரியர் முன்னால் போய் நின்றாள். அவள் அவர் மார்பு உயரம்கூட இல்லை. "தொர! நான் கேக்கறேன். ஒரு கை கூடப் போட்டது குத்தமா? கொறச்சா போட்டோம்? இந்தப் பொண்ணு வாயத் தொறக்காம இருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. இவளே பாத்தா, இவளே சொன்னா, சொல்லி மாட்டிக்கினா. இப்படி ஒருத்திய வுட்டுட்டுப் போறியே, உனுக்கு இன்னா கண்ணு தெரியாதா?"

லிண்ட்பெரி மரியாதையாகக் குனிந்து கேட்டுவிட்டுப் பாஞ்சாலியைப் பார்த்தார். அவளுக்கு முகம் எரிந்தது. "கூடுதலாகப் போட்டது குற்றமா என்று கேட்கிறார்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இல்லை," என்றாள் கரின். "அவங்க நெறைய சொன்னாங்க. உன்னப் பத்திச் சொன்னாங்க. அத வுட்டுட்ட."

ஏரிக்கரைத் தமிழில் ஒரு ஸ்வீடன் பெண் பேசியதைக் கேட்டு செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டாள். பாஞ்சாலி தரையைப் பார்த்துக்கொண்டே, தன்னைப் பற்றிச் சொன்னதையும், கண் தெரியாதா என்று கேட்டதையும் சேர்த்து, முழுவதையும் மொழிபெயர்த்தாள்.

லிண்ட்பெரி சிரிக்கவில்லை. குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி எடுத்தார். "எங்கள் நிலையத்தில் இருபது வருஷமாக நாணல் அறுத்து அளக்கிறோம். அறுப்பவர்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். அவர்கள் கூட்டுகிறார்களா, குறைக்கிறார்களா என்று நான் ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. நேற்று இரவு அதனால் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அடுத்த வருஷமும் ஓர் இடம் உண்டு. பாஞ்சாலி இங்கே இன்னொரு பருவம் முடித்துவிட்டு வரட்டும். எங்கள் பண்ணைக்காரர்களின் கைகளை அவள் பார்க்க வேண்டும்."

பாஞ்சாலி இதைத் தமிழில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றாள். மீதியைக் கரின் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

அம்முலுவுக்கு அது போதவில்லை. "அடுத்த வருசம்னு வாயில சொல்லிட்டு ஏரோப்ளேன் ஏறிட்டா யார் போயி புடிக்கறது? எய்திக் குடுக்கச் சொல்லு."

"அக்கா, சும்மா இருங்க!"

"நீ சும்மா இரு. சொல்லு, கரினு."

கரின் சொன்னாள். லிண்ட்பெரி பேனாவை எடுத்து, ஜீப்பின் முகப்பில் காகிதத்தை வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். தாண்டவராயனும் சாட்சி மாதிரி கீழே கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அம்முலு காகிதத்தை வாங்கி, எழுத்துகளின் நீளத்தை ஒரு தடவை கண்ணாலேயே அளந்தாள். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு கரையில் போய் மறைந்த பிறகுதான் பாஞ்சாலியிடம் நீட்டினாள்.

"படி. சொன்னதெல்லாம் கீதா பாரு."

பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலிருந்து படிக்கத் தொடங்கினாள். செல்லாயி கேட்பதற்காகக் கிட்டே வந்து, பேச்சுவார்த்தை இல்லாததை மறந்து, அண்ணியின் தோளில் முகவாயை ஊன்றிக்கொண்டாள்.